பற்று வரவு

இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.
இருபத்தாறு வருஷமாக எழுதுகிறேன்.
கடனுக்கும் ஆசைக்கும் ஒரே சொல்லை வைத்தது யாரென்று
போன மார்ச்சில்தான் யோசித்தேன்.

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
அபூசாலி பாய் கடைச் சரக்கை
ஜி.எஸ்.டி.க்காக எண்ணிக்கொண்டிருந்தேன்.
கதவு நிலை பதினொன்று.
எனாமல் தூக்கு நாற்பது.
பெண்டுலம் இல்லாத கடிகாரம் மூன்று.
முழ உயரத்தில் வெள்ளைக்கல் புத்தர் ஒன்று,
வலது காது நுனி உடைந்தது.
"பர்மாச் சாமின்னு போட்டுக்கங்க" என்றார் பாய்.

கண்டதும் வேண்டும் என்றிருந்தது.
எதுவும் வேண்டாம் என்று உட்கார்ந்திருப்பவரை
வேண்டும் என்று நான்.
வெட்கமாக இருந்தது.
விலை கேட்டேன்.

நான்கு தவணை.
கடைசித் தவணை கட்டிய அன்று
செய்தித்தாளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு
பள்ளத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.
கோட்டையூர் தாண்டியதும்
சீமைக்கருவேலத்துக்கு அப்பால்
செம்மண்மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.
"லக்கேஜா, ஆளா?" என்றார் கண்டக்டர்.
சிரித்துவிட்டேன்.
அந்தச் சிரிப்பு அடங்கும்வரை
எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.
ஒரு ஸ்டாப் தூரம் இருக்கும்.
அதைத்தான் பெரிய பெரிய வார்த்தைகளில் சொல்கிறார்களோ என்னவோ.

இறங்கும்போது,
அந்த நாற்பது தூக்கில்
சிவப்பு விளிம்பு வைத்த ஒன்றை
விட்டுவிட்டு வந்தது உறுத்தியது.

ஆசை சாகவே சாகாது என்று சொல்லமாட்டேன்.
செத்தது. பக்கத்தில் இருந்து பார்த்தேன்.
நான் படி இறங்குவதற்குள்
வேறு உருவில் பிறந்துவிட்டது, அவ்வளவுதான்.

பாய் கடையில் ஒரு தேக்குத் தூண் இருந்தது.
மௌல்மேன் காட்டில் மரம்,
கண்டனூர் வளவில் தூண்,
இப்போது கொச்சியில் ஏதோ ஓட்டலுக்கு மேசையாகப் போகிறது.
அது ஒன்றையும் கேட்கவில்லை.
கேட்டதெல்லாம் மனுஷர்கள்தான்.
பிறப்பு மட்டும் அதற்கு.

எங்களுக்கு ஐந்தொகை என்றால்
வருஷக் கடைசியில் சொத்தும் கடனும்
நேருக்கு நேர் நிற்கும் தாள்.
புத்தரின் ஆட்களும் ஐந்தைத்தான் கூட்டுகிறார்கள்:
உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு.
கூட்டிப் பார்த்தால் ஆள் இல்லையாம்,
தொகை மட்டுமாம்.
அப்புறம் எது போய் எங்கே பிறக்கிறது என்றால்
சிலர் குழம்புகிறார்கள்.
முதல் கரைந்தபின்னும் வட்டி ஓடும் கணக்கை
எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் உண்ணாமலை என் தங்கை.
பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலை.
அவள் பக்கத்தில் கோடு கிழித்து
அடியில் எதை எழுதுவது?
எதை அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோவது?

பெரியப்பா மகள் சோலைக்குப் பெண் பிறந்தது.
குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வந்தது.
இடது காதுக்குக் கீழே, அதே இடத்தில் மச்சம்.
"உண்ணாமலைதான் வந்திருக்கா."
முப்பத்தொரு பேர் கைகூப்பியிருந்தார்கள்.
நானும் கூப்பினேன்.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
புள்ளி புள்ளியாக உடையும்வரை.
மறுபடி வருவது அவர்கள் ஆசையாலா,
நம் ஆசையாலா?

ஞாயிற்றுக்கிழமை புதுவயலுக்குப் போனேன்.
சோலை அடுப்படியில் இருந்தாள்.
குழந்தை பாயில் கவிழ்ந்து
தன் முழங்கையைச் சப்பிக்கொண்டிருந்தது.
காதுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து
மெல்லத் தேய்த்தேன்.

மை.
கண்ணேறு படாமலிருக்க வைத்த மை.

என் விரலில் கறுப்பு.
அதன் கழுத்தில் ஒன்றுமில்லை, பால்வாசனை தவிர.
அழுதுவிடுவேன் என்று நினைத்தேன்.
அதற்குள் குழந்தைக்குக் கூச்சம்,
குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.
உண்ணாமலை இப்படிச் சிரிக்கமாட்டாள்.
பல்வரிசை பிடிக்காது, வாயைப் பொத்திக்கொள்வாள்.
இது யாரோ.
முழுக்கப் புதிதாக யாரோ ஒருத்தி,
பல்லே இல்லாமல்.

நின்றதும்
இன்னொரு தரம் கேட்கவேண்டும் என்றிருந்தது.
வெட்கமாக இருந்தது.
மறுபடி கிச்சுகிச்சு மூட்டினேன்.